ரிங்கா, போரா, சீலா? நூறு சிசி வண்டியைப் பிரிக்கும் முன்

“எந்தக் கம்பெனி ரிங் நல்லா இருக்கும்?” என்று, பிஸ்டனைச் சுற்றி உட்காரும் வளையத்தைப் பற்றித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். மன்னார்குடியிலோ திருவாரூரிலோ ஒரு ஸ்பேர்ஸ் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. கடைக்காரர் இரண்டு மூன்று பெட்டிகளை எடுத்து வைப்பார், விலையைச் சொல்வார். வண்டிக்காரர் நடு விலையில் இருப்பதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சிலிண்டர் போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளை, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடில் வால்வு ஆடுகிறதா என்ற பேச்சே நடுவில் வந்திருக்காது. எந்த ரிங், வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் சீலில் எது என்று முடிவு செய்வது அந்த இரண்டும்தான். கம்பெனிப் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்.

உதாரணத்துக்கு ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொள்கிறேன். 1994-இல் வந்த வண்டி, டெல்டாவில் அது நிற்காத தெரு இல்லை. 97.2 சிசி, போர் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 49.5. அலுமினிய பிளாக் (சிலிண்டரின் உடம்பு), உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ் (உறை). பட்டறை வழக்கப்படி மில்லிமீட்டரை இனி மில்லி என்றே எழுதுகிறேன். வார்ப்பிரும்பு ஸ்லீவ் உள்ள எந்த வண்டிக்கும் இங்கே சொல்வது பொருந்தும், அளவு மட்டும் மாறும். கேடிஎம் டியூக், யமஹா ஆர்15 மாதிரி வண்டிகளின் சிலிண்டர் வேறு வகை. டியூக்கில் நிக்கசில் பூச்சு, ஆர்15-இல் டயசில் எனப்படும் சிலிக்கான் கலந்த அலுமினியம். அவற்றைச் சாதாரண லேத் பட்டறையில் போர் போட, அதாவது துளையைக் கடைந்து அகலமாக்க, கொடுத்தால் பிளாக்கே போய்விடும். அந்த வண்டிக்காரர்கள் இந்தக் கட்டுரையில் வால்வு சீல் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

புகை எங்கிருந்து வருகிறது

வண்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே பாதி பதில் சைலன்சரில் கிடைத்துவிடும். காலையில் கிக்கர் அடித்ததும் குப்பென்று நீலப் புகை வந்து, ஓரிரு நிமிடத்தில் நின்றுவிட்டால் சீல் மேல் சந்தேகப்படலாம். இரவெல்லாம், வால்வுகள் இருக்கும் சிலிண்டர் மூடியான ஹெட்டில் தேங்கிய ஆயில், காய்ந்துபோன சீலைத் தாண்டி வால்வுத் தண்டு வழியாக இறங்கியிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் அது எரிந்து தீர்ந்துவிடும்.

இன்னொரு சோதனை உண்டு. மலை இறக்கம் நம் ஊரில் கிடையாது, ஆனால் ஆற்றுப் பாலத்துக்குக் குறைவில்லை. பாலத்து இறக்கத்தில் கியரிலேயே வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டு இறங்குங்கள். கீழே வந்ததும் முறுக்குங்கள். அந்த நேரத்தில் புகை வந்தால் அதுவும் சீல் அல்லது கைடுதான். ஆக்சிலேட்டரை மூடியிருக்கும்போது காற்று நுழையும் இன்டேக் பக்கம் உறிஞ்சும் வேகம் அதிகம், தளர்ந்த சீல் வழியாக ஆயிலை இழுத்துவிடும். பின்னால் வேறு வண்டியில் வரும் ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

இதற்கு மாறாக, யூரியா மூட்டை இரண்டை ஏற்றிக்கொண்டு போகும்போது புகை கூடுகிறது, முறுக்க முறுக்க வருகிறது, இன்ஜின் உள்ளே சேரும் வாயு வெளியேறும் பிரீதர் குழாயில் கையை வைத்தால் காற்று அடித்துக்கொண்டு வருகிறது என்றால் ரிங், போர் பக்கம் பாருங்கள். எரியும் வாயு ரிங்கைத் தாண்டி கீழே இறங்குகிறது என்பதற்கு பிரீதரை விடத் தெளிவான சாட்சி வேறில்லை.

பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கம்) ஏறுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்பார்கள். நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர் உள்ள வண்டிக்கு அது சரி. ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது. ஊற்றிய ஆயில் கீழ்ப்பக்கமாகத் தேங்கிவிடும், ரிங்கைச் சுற்றிலும் போய் அடைக்காது. நாலைந்து முறை கிக்கரை மெதுவாக அழுத்தி ஆயிலைப் பரவவிட்டு, அப்புறம் கம்ப்ரஷன் கேஜைப் போட வேண்டும். அப்படிச் செய்தாலும் இந்த வண்டியில் அந்தச் சோதனையை மட்டும் நம்பி நான் ஹெட்டை மட்டும் பிரிக்கச் சொல்ல மாட்டேன்.

மார்கழிக் காலையில் வரும் வெள்ளைப் புகை வேறு. சைலன்சருக்குள் நீர் கோத்து ஆவியாகப் போவது அது. அதைப் பார்த்துப் பயந்துபோய் இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

ரிங் மட்டும் மாற்றலாமா

பட்டறையில் தினமும் நடக்கிற வழக்கு இது. நீடாமங்கலம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் போன அறுவடை சமயம் கேட்டதை அப்படியே தருகிறேன்.

“தம்பி, ரிங்கை மட்டும் மாத்திக் குடுத்துடேன். போர் போட்டா லேத்துக்குப் போகணும், ரெண்டு நாள் வண்டி நிக்கும். அறுப்பு நேரம்.”

“மாத்தலாம் மாமா. மாத்திட்டு மூணு மாசத்துல திரும்ப வருவீங்க, அப்ப என்னையத்தான் திட்டுவீங்க. இருங்க, காட்டுறேன்.”

அந்தத் தம்பி செய்தது சின்ன வேலை, ஆனால் பார்க்க வேண்டிய வேலை. புது ரிங் ஒன்றை எடுத்துத் துடைத்த போருக்குள் வைத்தார். பழைய பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ரிங்கை நேராக உள்ளே தள்ளினார். மேலிருந்து ஒரு விரல் அளவு இறங்கியதும் பிஸ்டனை எடுத்துவிட்டு, ரிங் முனைகளுக்கு நடுவில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தார். அரை மில்லித் தகடு தாராளமாகப் போனது. அதே ரிங்கைப் போரின் அடிப்பகுதிக்குத் தள்ளிப் பார்த்தால் கால் மில்லித் தகடே இறுக்கியது. மாமா குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

இதன் கணக்கு எளிது. போர் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, அதைப்போல 3.14 மடங்கு ரிங் இடைவெளி கூடும், ஏனென்றால் ரிங் நிரப்புவது சுற்றளவை. மேலே அரை மில்லி, கீழே கால் மில்லி என்றால் வித்தியாசம் கால் மில்லி. அதை 3.14-ஆல் வகுத்தால் சுமார் 0.08. ரிங் ஓடும் உச்சியில் போர் அவ்வளவு அகன்றிருக்கிறது. அடிப்பகுதியில் ரிங் அவ்வளவாக ஓடாது, அதனால் அங்கே தேய்மானம் குறைவு. துளையின் விட்டம் அளக்கும் போர் கேஜ் இல்லாத பட்டறையிலும் ஒரு ரிங்கையும் ஒரு ஃபீலர் கேஜையும் வைத்து இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். ஒரு குறை உண்டு: சுற்றளவை அளப்பதால் போர் முட்டையாகத் தேய்ந்திருப்பதை இது காட்டாது.

பிஸ்டன் சிலிண்டரை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ப்பதில்லை. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் ‘பின்’னுக்குக் குறுக்கான திசையில்தான் அழுத்தம் அதிகம். ஸ்ப்ளெண்டரில் பின் இடமிருந்து வலமாக இருப்பதால் தேய்மானம் சிலிண்டரின் மேல், கீழ்ப் பக்கங்களில் தெரியும். அதனால் போர் கேஜ் போடுகிற ஆளிடம் கொடுத்து, மேல், நடு, கீழ் என்று மூன்று ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

50 மில்லி போரில் புது ரிங் போட்டு இடைவெளி 0.10 முதல் 0.25 வரை நின்றால் நல்லது. அரை மில்லியைத் தொட்டுவிட்டால் அந்தப் போருக்கு ஸ்டாண்டர்டு ரிங், அதாவது முதல் அளவு ரிங், போடுவது வீண் செலவு. நடுவில் நிற்கிற வண்டிகள்தான் யோசிக்க வைக்கும். அங்கே எனக்கு அளவுகோல் போரின் முகம். நீளவாக்கில் கீறல் இல்லை, விரல் நகத்தில் விளிம்பு தட்டவில்லை, பிஸ்டன் பள்ளத்தில் ரிங் மேலும் கீழும் ஆடவில்லை என்றால் லேசாக ஹோனிங் செய்து (சுவரைக் கல்லால் தேய்த்து) ரிங் மாற்றுவது நியாயமான வேலை. வண்டியை அடுத்த வருடம் விற்கப்போகிறவருக்கும் அது போதும். நகம் தட்டினாலோ கீறல் இருந்தாலோ ரிங்கை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். தேய்ந்த போரில் உச்சியில் ஒரு படி நின்றிருக்கும். பழைய ரிங் அந்தப் படிக்கு ஏற்றபடி உருண்டு போயிருக்கும். விளிம்பு கூர்மையான புது ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அதில் இடித்து, கடைசியில் உடையும்.

போர் போடுவதா, புது பிளாக்கா

போர் போடுவது என்று முடிவானால் ஓவர்சைஸ், அதாவது கூட்டிய அளவு பிஸ்டன், 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு படி இருக்கிறது. கடைசிப் படியில் போர் 51 மில்லி ஆகிவிடும். உங்கள் நூறு சிசி வண்டி அப்போது நிஜமாகவே நூறைத் தாண்டியிருக்கும், 101 சிசி வரும். ஆர்டிஓ புத்தகத்தில் அது ஏறாது என்பது வேறு விஷயம்.

0.25 போதுமா, நேராக 0.50-க்குப் போவதா என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். 0.25 என்பது விட்டத்தில். ஒரு பக்கச் சுவரில் அது 0.125-தான். தேய்மானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து 0.15 ஆழத்துக்குப் போயிருந்தால், பழைய மையத்திலேயே போர் போட்ட பிறகும் அந்தப் பக்கம் ஒரு பட்டை பழைய தழும்பு மிஞ்சும். ரிங் அங்கே பொருந்தாது. அந்த நிலைமையில் நேராக 0.50-க்குப் போவதே மேல். தழும்பைத் தப்பிக்க மையத்தை நகர்த்திப் போர் போடுகிற லேத்காரர்களும் இருக்கிறார்கள். அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, பிளாக்கோடு சேர்த்து லேத்தில் கொடுங்கள். போர் போட்ட பிறகு பிஸ்டன் தேடக் கூடாது. ஒரே 0.50 என்று அச்சடித்த இரண்டு பிஸ்டன்கள் மில்லியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசப்படும், பிஸ்டனுக்கும் போருக்கும் விட வேண்டிய இடைவெளியே அந்த அளவுதான். நல்ல லேத்காரர் பிஸ்டனின் பாவாடைப் பகுதியில், பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டர் வைத்து அளந்துவிட்டுத்தான் கட்டரை இறக்குவார். அளக்காமல் “0.50 தானே” என்று சொல்கிற இடத்தில் பிளாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஹோனிங் முடிந்த பிறகு சுவரில் இரு பக்கமும் சாய்ந்த குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும், ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

பிளாக், பிஸ்டன், ரிங் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் முழு செட் இன்னொரு வழி. லேத்துக்கு அலைய வேண்டாம், அன்றைக்கே வண்டி ஓடும். வண்டிக் கம்பெனியின் அசல் பிளாக் செட் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிப்பேன், விலைதான் இடிக்கும். பெயர் தெரியாத மலிவு செட்டைவிட, அசல் பிளாக்கில் 0.25 போர் போட்டு நல்ல பிஸ்டன் கிட் போடுவது பல மடங்கு உழைக்கும். பழைய ஸ்லீவின் இரும்பு நல்ல இரும்பு. மலிவு பிளாக்கில் எந்த இரும்பு என்று யாருக்கும் தெரியாது. 1.00 வரை போர் போட்டுத் தீர்ந்த பிளாக்குக்கு புது ஸ்லீவ் இறக்குவதும் உண்டு. கைதேர்ந்த லேத் பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ரிங்கின் முகம்

சரி, போர் முடிவாகிவிட்டது. இனிமேல்தான் ரிங் பேச்சு.

ஒரு செட்டில் மூன்று வேலை இருக்கிறது. மேல் ரிங் கம்ப்ரஷனைப் பிடிக்கிறது. இரண்டாவது, முகம் லேசாகச் சாய்ந்தது, ஆயிலை வழிப்பதில் பாதி, கம்ப்ரஷனில் மீதி. மூன்றாவது ஆயில் ரிங், இரண்டு மெல்லிய தகடும் நடுவில் அலை அலையான ஸ்பிரிங்கும். விலை வித்தியாசம் பெரும்பாலும் மேல் ரிங்கில்தான் வரும்.

முகத்தில் பூச்சில்லாத வார்ப்பிரும்பு ரிங் சீக்கிரம் போருக்குப் பழகிவிடும். ஹோனிங் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் தேயும். க்ரோம் பூச்சுள்ள ரிங் கடினமானது, தூசியைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். அதற்குப் பதிலாக ஹோனிங் சரியாக இருக்க வேண்டும் என்று கறாராகக் கேட்கும். வழுக்கிப்போன பழைய போரில் க்ரோம் ரிங்கைப் போட்டால் அது பழகவே பழகாது, புகை அப்படியே நிற்கும். நைட்ரைடிங் செய்த (நைட்ரஜன் ஏற்றி முகத்தைக் கடினமாக்கிய) எஃகு ரிங்குகள் புது இன்ஜின்களில் வருகின்றன. மெல்லியவை, உராய்வு குறைவு. அவற்றுக்கென்று வெட்டிய பள்ளமுள்ள பிஸ்டனோடுதான் வாங்க வேண்டும். பழைய பிஸ்டனில் கனம் பொருந்தாமல் ஆடும்.

டெல்டாவில் நான் க்ரோம் பக்கம்தான். காரணம் நெல். தை, மாசியில் அறுப்பு மெஷின் ஓடுகிற வயலோரம் ஒரு மணி நேரம் நின்றால் சட்டைக்குள் சுனை அரிக்கும் இல்லையா, அந்தத் தூசிதான் ஏர் ஃபில்டரிலும் போய் உட்காருகிறது. நெல் உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு போலச் சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பங்கு சிலிக்கா. மணலும் சிலிக்காதான். அதாவது கொள்முதல் நிலைய வாசலில் தூற்றும் இடத்தில் வண்டியை ஓடவிட்டு நிற்கிறவர், உப்புத்தாள் பொடியைத் தம் இன்ஜினுக்கு மூச்சாகக் கொடுக்கிறார். ஆற்றங்கரை மண் சாலைப் புழுதி வேறு. இந்த ஊரில் பிரிக்கிற போரில் நீளக் கீறல் சாதாரணம், அதற்குப் பாதிக் காரணம் ஃபில்டர்.

அதனால் ரிங்கில் ஐம்பது நூறு மிச்சம் பிடிக்கிறவரிடம் நான் சொல்வது, அந்தப் பணத்தில் புது ஏர் ஃபில்டர் வாங்குங்கள் என்பதுதான். எண்ணெய் தடவிய காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்து திரும்பப் போடக் கூடாது. அடித்த காற்று அதன் எண்ணெய்ப் பூச்சையும் நாரையும் கெடுத்துவிடும். ஃபில்டர் பெட்டி மூடியின் ரப்பர் ஒரு இடத்தில் கிழிந்திருந்தாலும் எந்தக் கம்பெனி ரிங்கும் அடுத்த தையைத் தாண்டாது.

கம்பெனி என்று கேட்டால், வண்டிக் கம்பெனியின் அசல் பாகத்துக்கு அடுத்து கோயட்சே, உஷா, இந்தியா பிஸ்டன்ஸ் மாதிரி நெடுங்காலமாக ரிங், பிஸ்டன் செய்கிறவர்களிடம் போகலாம். இவர்களுக்குள் எது உயர்த்தி என்று மணிக்கணக்காக வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை, உங்கள் போருக்குச் சரியான அளவு எதில் கையிருப்பில் இருக்கிறதோ அதை வாங்குங்கள். போலிதான் பெரிய தலைவலி. பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், ரிங்கைப் பார்த்துக் கண்டுபிடிப்பது சுலபம். மேல் ரிங்கின் வெளி முகம் ஒரே சீராகப் பளபளக்க வேண்டும், இரண்டாவது மங்கலாக இருக்க வேண்டும். ஒரு முனை அருகே எழுத்து அழுத்தமாக இருக்க வேண்டும், அந்த எழுத்து பிஸ்டனின் மேல்பக்கம் பார்க்க வரும். போருக்குள் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியக் கூடாது. தெரிந்தால் பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பில் வாங்குங்கள், பில் தராத கடையில் திருப்பவும் முடியாது.

மூட்டை ஏற்றுகிற டிவிஎஸ் எக்ஸ்எல் பழைய டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதில் பாதியை மறந்துவிடலாம். அதில் வால்வும் இல்லை, வால்வு சீலும் இல்லை, ஆயில் ரிங்கும் இல்லை. ரிங் சுழன்று, சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளையில் மாட்டாமல் இருக்கப் பள்ளத்தில் ஒரு சிறு முளை இருக்கும். ரிங்கின் வாய் அந்த முளையில் உட்கார்ந்ததா என்று பார்த்தால் போதும். எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக், அதற்கு இங்கே சொன்ன எல்லாமும் உண்டு.

வால்வு சீல்

கட்டைவிரல் நகத்தளவு பொருள். இரண்டு சீலுக்கும் சேர்த்து விலை ஒரு லிட்டர் பெட்ரோலைச் சுற்றித்தான் பெரும்பாலும் வரும். ஆனால் மாற்ற ஹெட்டை இறக்கியாக வேண்டும். இங்கே மலிவு பார்ப்பதில் அர்த்தமே இல்லை, செலவு கூலியில் இருக்கிறது.

ரப்பர் வகையில் மூன்று புழங்குகின்றன. நைட்ரைல் மலிவு, நூறு நூற்றிருபது டிகிரி வரைக்கும் பரவாயில்லை, அதற்கு மேல் தொடர்ந்து சூடேறினால் கெட்டியாகி வெடிக்கும். அக்ரிலிக் ரப்பர் நடுத்தரம். வைட்டான் என்று கடையில் கேட்கிற ஃப்ளூரோ ரப்பர் இருநூறு டிகிரி வரைக்கும் தாங்கும். ஸ்ப்ளெண்டருடையது காற்றில் குளிர்கிற இன்ஜின். வைகாசி வெயிலில் பின்னால் பாரம் வைத்து, வாய்க்கால் கரையில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது ஹெட்டுக்குக் காற்றே கிடைக்காது. எக்ஸாஸ்ட் பக்கத்து சீல் அந்தச் சூட்டை நேராக வாங்கும். எனவே வைட்டான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. நிறத்தை வைத்து வகை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், பச்சையும் பழுப்பும் சாயம்தான், எந்த ரப்பருக்கும் ஏற்றலாம். லைட்டரில் கொளுத்திப் பார்க்கிறவர்களும் உண்டு. வைட்டான் சுடர் விட்டு எரியாது என்பது உண்மைதான், ஆனால் அதிலிருந்து கிளம்பும் புகை நச்சு. அசல் பாகமாக வாங்குவது அதைவிட எளிது.

சீலை மாற்றியும் மூன்றே மாதத்தில் காலைப் புகை திரும்பிவிட்டது என்பார்கள். கைடைப் பார்த்திருக்க மாட்டார்கள். வால்வை இருக்கையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி, தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் தண்டு ஒவ்வொரு முறையும் சீலின் உதட்டை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. எவ்வளவு உயர்ந்த ரப்பரும் அதைத் தாங்காது. முதலில் புது வால்வை அதே கைடில் போட்டு ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் தேய்ந்தது வால்வுத் தண்டு. நிற்காவிட்டால் கைடு மாற்ற வேண்டும்: ஹெட்டைச் சூடாக்கிப் பழையதைத் தட்டி எடுத்து, புதியதை இறக்கி, ரீமர் போட்டுத் துளையைச் சரியாக்கி, வால்வு உட்காரும் சீட்டைத் திரும்ப வெட்டி, வால்வு தேய்க்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த லேத் எல்லா ஊரிலும் இருக்காது, தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ கொண்டுபோக வேண்டி வரலாம்.

கழற்றிய சீலைத் திரும்பப் போடக் கூடாது. புது சீலில் வால்வை நுழைக்கும் முன் தண்டு நுனியில் லாக் உட்காரும் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பிசிறு இருந்தால் சீலின் உதடு போகும்போதே கிழிந்துவிடும். மெல்லிய உப்புத்தாளால் பிசிறைத் தேய்த்துத் துடைத்து, ஆயில் தடவி, சுழற்றியபடி நுழைக்க வேண்டும்.

ரிங் வேலைக்கு பிளாக்கை இறக்கும்போது ஹெட் எப்படியும் கையில் இருக்கும். அப்போது சீலை மாற்றாமல் விடுவது புரியாத சிக்கனம். புது ரிங்கில் கம்ப்ரஷன் ஏறியதும் உறிஞ்சும் வேகமும் ஏறும், பழைய சீல் முன்பைவிட அதிகமாகக் கசியும். எதிர்ப்பக்கம் அப்படி இல்லை: சீல் மட்டும் கெட்டிருக்கிறது, பிரீதரில் காற்று இல்லை, ஏற்றத்தில் இழுவை குறையவில்லை என்றால் பிளாக்கைத் தொடாதீர்கள். “பிரிச்சது பிரிச்சாச்சு, ரிங்கையும் மாத்திடுவோம்” என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ரிங்கும் போரும் ஒன்றுக்கொன்று பழகியவை.

தண்ணீரில் நின்ற வண்டி

ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டிக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. முதலில் கிக்கரை உதைக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றி, போரில் ஆயில் விட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். நாள் கணக்கில் அப்படியே விட்ட வண்டியில் ரிங் நின்ற இடத்தில் வார்ப்பிரும்புச் சுவரில் வளையமாகத் துரு பிடித்திருக்கும். லேசான கறை ஹோனிங்கில் போய்விடும். நகத்தில் குழி தட்டினால் ஓவர்சைஸ்தான். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் இரண்டே நாளில் குழி விழும். இந்த வண்டிகளில் வால்வு சீல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஆனாலும் மாற்றிவிடுங்கள், வண்டல் உள்ளே போயிருக்கும்.

பூட்டுவதும் பழக்குவதும்

ரிங் வாய்களை 120 டிகிரி தள்ளித் தள்ளி வைப்பது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். தவறு நடப்பது ஆயில் ரிங்கில். நடுவில் உள்ள அலை ஸ்பிரிங்கின் இரு முனையும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் தகடுகள் தளர்ந்து, புது இன்ஜின் முதல் நாளே ஆயில் குடிக்கும். பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன்னால் அந்த ஒரு இடத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காலம் உங்கள் கையில் இருந்தால் இந்த வேலையைப் பங்குனி, சித்திரையில் கொடுங்கள். தாளடி அறுத்து முடிந்திருக்கும், மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்கு நாள் இருக்கும், வண்டிக்குப் பாரம் குறைவு. முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மூட்டை வேண்டாம், இரண்டு ஆளுக்கு மேல் வேண்டாம். ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே போவதும் கூடாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஆக்சிலேட்டரை அவ்வப்போது முழுக்க விட்டு ஓட்டினால்தான் ரிங் சுவரில் உட்காரும். ஸ்டாண்டில் நிறுத்தி மணிக்கணக்காக ஐடிலில் ஓடவிடுவது பழைய பழக்கம், அது ரிங்குக்குக் கெடுதல், போர் வழுக்கிவிடும். இந்தப் பழக்கும் காலத்தில் சிந்தெடிக் ஆயில் வேண்டாம், கம்பெனி சொன்ன தரத்தில் சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் போதும். கார் ஆயில் ஊற்றாதீர்கள், கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைகிறது, வழுக்கும். ஐந்நூறில் ஆயிலை மாற்றி, வால்வை அழுத்தும் டாப்பெட்டின் இடைவெளியைக் குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். வடித்த ஆயிலில் மின்னும் பொடி கொஞ்சம் இருக்கும், பயப்பட வேண்டாம். விரலில் நெருடுகிற துகள் இருந்தால் மட்டும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.